இரண்டரை அங்குலத் துவக்கு

என் வாழ்க்கையில் ஒரு தடவைகூட நான் துவக்கால் சுட்டதில்லை. ஆனால் இருபது வருடங்களுக்கு மேலாகத் திருகோணமலையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் இருந்துகொண்டு, எந்தத் துவக்குக்கு எந்தத் தோட்டா என்று எழுதிக் கொடுத்தவள் நான்தான். சிரிக்க விரும்புகிறவர்கள் சிரிக்கலாம். ஆரம்பத்தில் நானும் சிரித்தவள்தான்.

அண்மையில் அந்தக் கந்தோரிலிருந்து ஒரு அலுவலர் தொலைபேசியில் கூப்பிட்டார். பழைய துவக்குப் பதிவு அட்டைகளை எல்லாம் கணினியில் ஏற்றுகிறார்களாம். "மிஸ், சில அட்டையளின்ர மூலையில சிவப்புப் பென்சிலால ரெண்டரை எண்டு எழுதிக் கிடக்கு. கணினியில அதுக்கு இடமில்லை. விட்டிடலாமோ?" என்று கேட்டார். "விடாதேங்கோ!" என்று நான் போட்ட சத்தத்தில் மனிசன் பயந்துபோயிருப்பார். ஏன் என்று தொலைபேசியில் சொல்லி முடிக்க ஏலாது. அதனால் எழுதுகிறேன்.

கந்தோரில் ஒவ்வொரு இலிகிதரிடமும் ஒரு விடயம் இருக்கும். ஒருவருக்குக் காணி, ஒருவருக்கு ஓய்வூதியம், இன்னொருவருக்கு வாகனம். துவக்கு விடயத்தை மட்டும் எல்லோரும் தட்டிக் கழித்தார்கள். துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து மேசைக்கு முன்னால் நின்று கத்துகிற ஆட்களை யார் சமாளிப்பது? புதிதாக வந்தவள், அதுவும் மறுத்துப் பேசத் தெரியாத பெண் என்று அதை என் தலையில் கட்டிவிட்டார்கள். முதல் ஆறு மாதம் தோட்டா என்றால் என்ன, சன்னம் என்றால் என்ன என்று தெரியாமலே கையெழுத்துக்குக் கொண்டுபோனேன். கையெழுத்து வைக்கிற இடத்தில் இருந்தவர் அருளப்பு சேர். அவரிடம் அந்த விளையாட்டுச் சரிவரவில்லை.

அருளப்பு சேர் உட்கார்ந்துகொண்டு கையெழுத்து வைக்கமாட்டார். கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழும்பி நிற்பார். அனுமதித் தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, பூசையில் வாசகம் வாசிக்கிற மாதிரி ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசிப்பார். வாசித்து முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி. "எதுக்கு?" என்பார். பன்றிக்கு என்று சொன்னால் தாளைத் திருப்பித் தருவார். அவ்வளவுதான். என்ன பிழை என்று சொல்லவும் மாட்டார். நான் யன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்று, உள்துறைமுகத்தில் நிற்கிற கப்பலைப் பார்த்துக்கொண்டு அழுகையை விழுங்குவேன். கீழே முற்றத்தில் கோட்டைப் பக்கத்து மான்கள் வந்து குப்பைக் கடதாசி தின்றுகொண்டு நிற்கும்.

மூன்றாம் தடவை தாள் திரும்பி வந்தபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பன்றிக்கு எண்டுதானே சேர் அந்த மனிசன் சொன்னவர்? நான் வேற என்னத்தை எழுதுறது?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் அப்போதுதான் என்னை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். "மிஸ் புவனம், தோட்டாவைப் பன்றியே தோளில வைச்சுச் சுடப்போகுது? முதல் துவக்கைப் பாருங்கோ. பிறகு அதைப் பிடிக்கிற ஆளைப் பாருங்கோ. பிறகு எவ்வளவு தூரம் எண்டு கேளுங்கோ. மிருகம் கடைசி."

இளமையில் அவர் அப்புத்தளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அங்கே ஒரு துரை மலை ஏறி மரை மான் வேட்டையாடுவதற்கென்று பாரம் குறைந்த றைபிள் ஒன்றைச் சீமையிலிருந்து எடுப்பித்தாராம். மலையில் சுமக்கச் சுகமான சாமான். ஆனால் தோட்டா வாங்கும்போது இருக்கிறதிலேயே பலமானதை வாங்கிவிட்டார். பாரம் குறைந்த துவக்கு, பலத்த தோட்டா. உதை முழுவதும் தோளுக்கு. இரண்டு நாள் சுட்ட பிறகு துரைக்கு விசையில் விரல் வைக்கும்போதே கண் தன்பாட்டில் மூடிக்கொள்ளுமாம். ஒரு மரையும் விழவில்லை. அருளப்பு சேர் அதே றைபிளுக்கு ஒரு படி குறைந்த தோட்டாவைத் தேடி எடுத்துக் கொடுத்தாராம். அடுத்த கிழமை துரை வீட்டில் இறைச்சி. இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போகும்.

அதன் பிறகு நான் படித்தேன். எங்கள் மாவட்டத்தில் வயல் செய்கிற கமக்காரர் வைத்திருந்தவை றைபிள் அல்ல, சன்னத் தோட்டா போடுகிற துவக்குகள். தோட்டாவுக்குள் அடைத்திருக்கிற சின்னச் சின்ன ஈயக் குண்டுகள்தான் சன்னம்; நம்பர் கூடக் கூட அது சிறுக்கும். ஆறாம் நம்பர் கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, கொக்குக்கும் காடைக்கும். நாலாம் நம்பர் முயலுக்கு. எஸ்.ஜி. என்றால் கடலை அளவு; பன்றிக்கு. இதெல்லாம் ஒரு கிழமையில் பாடமாகிவிட்டது. பாடமாக்க ஏலாத விசயம் நீளம்.

தோட்டா போய் இருக்கிற இடத்தை அறை என்போம். பழைய துவக்குகளில் அந்த அறை இரண்டரை அங்குலம். பிறகு வந்த துவக்குகளில் இரண்டே முக்கால். தோட்டாவும் அதே இரண்டு நீளத்திலும் வரும். தொல்லை என்னவென்றால், நீளத் தோட்டா கட்டை அறைக்குள்ளும் சுகமாகப் போய் இருந்துவிடும். ஏனென்றால் சுடுமுன் அதன் வாய் உள்ளுக்கு மடித்திருக்கிறது. வெடிக்கும்போதுதான் மடிப்பு விரியும். விரிய இடமில்லாவிட்டால் அது குழலின் கழுத்தில் போய் அடைக்கும், போத்தல் வாயில் துணி அடைத்த மாதிரி. பின்னால் வெடித்த மருந்துக்குப் போக வழியில்லை. புதுக் குழல் தாங்கும். தேய்ந்துபோன பழங்குழல் தாங்கினால் புண்ணியம்.

அதனால் அருளப்பு சேர் பதிவுக்கு வருகிற ஒவ்வொரு துவக்கையும் தானே திறந்து, ஒடுக்கமாக வெட்டிய ஒரு மட்டைத் துண்டை அறைக்குள் விட்டு அளப்பார். அளந்ததை அந்தத் துவக்கின் அட்டையில் மூலையில் சிவப்புப் பென்சிலால் எழுதுவார். அரசாங்கப் படிவத்தில் அதற்கென்று ஒரு இடமும் இல்லை. அது அவருடைய சொந்த ஒழுங்கு. "அட்டையைப் பாக்காமல் தோட்டா எழுதாதேங்கோ" என்பதுதான் அவர் எனக்குச் சொன்ன ஒரே கட்டளை.

பிறகு சண்டை வந்தது. மாவட்டத்தில் இருந்த அனுமதித் துவக்குகளை எல்லாம் கையளிக்கச் சொல்லி உத்தரவு. ஒரு கிழமைக்குள் எங்கள் இரும்புக் கதவு அறை நிரம்பிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் துண்டு எழுதிக் கட்டினேன். சிலர் துவக்கைத் தந்துவிட்டுப் போக மனமில்லாமல் வாங்கிலிலேயே குந்தி இருந்தார்கள். நிலாவெளிக்காரர் ஒருவர், "எண்ணெய் போட மறந்திடாதேங்கோ மிஸ்" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

என் வீட்டிலும் ஒவ்வொருவராக ஊரை விட்டுப் போனார்கள். சின்ன அண்ணா முதல் போனார், பிறகு பெரிய அண்ணா. அம்மாவைப் பெரிய அண்ணா தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்கு அரசாங்க வேலை, விட்டுவிட்டு வர ஏலாது என்று நான் நின்றேன். உப்புவெளியில் மூன்று அறை வீட்டில் நான் ஒருத்தி. காலையில் பஸ், சோதனைச் சாவடி, கந்தோர். பின்னேரம் சோதனைச் சாவடி, பஸ், வீடு. குசினியில் ஒரு கோப்பையை மட்டும் வெளியில் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் அலுமாரிக்குள் அடுக்கிப் பூட்டினேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒரு சொல்லும் கதைக்காமல் இருந்துவிட்டுத் திங்கட்கிழமை பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்கும். எனக்குத் தனிமை பிடிக்கவில்லை. பிடித்த மாதிரி நடித்தேன்.

அந்தக் காலத்தில் கந்தோருக்கு வருகிற ஆட்கள்தான் எனக்கு மனிசர். அவர்களில் ஒருவர் தம்பலகாமத்து வேலாயுதம். வயலோடு பிறந்து வயலோடு கிடந்த மனிதர். ஐம்பது வயது இருக்கும். தகப்பன் வைத்திருந்த ஒற்றைக்குழல் துவக்கு அவரிடம் இருந்தது. கையில் தூக்கினால் பாரமே தெரியாது. ஆறு இறாத்தல்கூட வராது. கந்தோருக்கு வந்தால், தன் அலுவலைச் சொல்லமுதல், "மிஸ் சாப்பிட்டாச்சோ?" என்று கேட்பார். நாள் முழுக்க வேறு ஒருவரும் என்னிடம் அதைக் கேட்பதில்லை.

துவக்குகள் உள்ளே போய் ஒரு போகம் முடியுமுன் பன்றிகள் வயலுக்குள் குடும்பத்தோடு இறங்கிவிட்டன. விதைத்தது எல்லாம் உழுத மாதிரி. மேலிடத்துக்கு மனு மேல் மனு போய், கடைசியில் சில ஊர்களுக்கு மட்டும் சில துவக்குகளைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். கடைகளில் தோட்டா விற்பனை இல்லை. எங்கள் கந்தோரே கொடுக்கவேண்டும். ஒருவருக்கு ஐந்து தோட்டா. சுட்டு முடிந்த வெற்றுக் கோதைத் திருப்பித் தந்தால்தான் அடுத்தது.

கொடுக்கிற நாளில் அருளப்பு சேர் இல்லை. கொழும்புக்குக் கூட்டத்துக்குப் போனவர், பாதை மூடியதால் அங்கேயே நின்றுவிட்டார். காலையிலிருந்து முற்றம் நிறைய ஆட்கள். நாலு மணிக்குச் சாவடி மூடினால் அவர்கள் ஊர் போய்ச் சேர ஏலாது. அட்டைகளோ பின்னறை அலுமாரியில், ஒழுங்கு குலைந்து கிடந்தன. என் மேசையில் பெயரும் இலக்கமும் மட்டும் தட்டச்சு செய்த ஒரு பட்டியல் இருந்தது. நான் பட்டியலைப் பார்த்துக் கொடுக்கத் தொடங்கினேன். நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வேலாயுதத்தின் முறை வந்தது. வழக்கம்போலச் சாப்பிட்டேனா என்று கேட்டார். பிறகு, "பழையபடி ஆறாம் நம்பர் தாங்கோ மிஸ், காணும். சத்தத்துக்கே ஓடீடும்" என்றார்.

என்னிடம் இரண்டு பெட்டி இருந்தது. பழைய பெட்டியில் ஆறாம் நம்பர், கட்டைத் தோட்டா. புதுப் பெட்டியில் எஸ்.ஜி.; புதிதாக வந்த நீளத் தோட்டா.

"ஆறாம் நம்பர் பன்றிக்குத் தோல் சொறிஞ்சு விட்ட மாதிரித்தான்" என்றேன். "ரெண்டாந்தரம் விதைச்சிருக்கிறியள், இதுவும் போனால் என்ன செய்வியள்? எஸ்.ஜி. கொண்டுபோங்கோ. கோதை மட்டும் மறக்காமல் கொண்டு வாங்கோ."

"மிஸ்ஸுக்குத் தெரியாததே? தாங்கோ" என்று இரண்டு கையாலும் வாங்கினார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. துவக்குப் பிடிக்கத் தெரியாத ஒருத்தியிடம் ஒரு கமக்காரர் தோட்டா பற்றிப் புத்தி கேட்டு நிற்கிறார், நான் தாராளமாக நல்லதை எடுத்துக் கொடுக்கிறேன் என்ற பெருமை. பொய் சொல்லி என்ன, அவர் என்னைப் பற்றி வீட்டில் போய் நல்லதாக நாலு சொல் கதைக்கவேண்டும் என்றும் ஆசையாக இருந்தது. கதைக்க ஆளில்லாதவளுக்கு வருகிற ஆசை அது.

பத்து நாள் கழித்து ஒரு பெண் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். சீலைத் தலைப்பில் முடிந்திருந்ததை அவிழ்த்து இரண்டு வெற்றுக் கோதுகளை மேசையில் வைத்தார்.

"நான் தம்பலகாமம் வேலாயுதத்தின்ர பெண்சாதி, பாக்கியம். அஞ்சில ரெண்டு இது. ரெண்டு சுடேல்லை, அதை விசாரணைக்காரர் கொண்டு போயிட்டினம். மற்றது துவக்கோட போட்டுது."

"போட்டுதெண்டால்?"

"துவக்கு வெடிச்சிட்டுது மிஸ். இடக் கையில காயம். ஆஸ்பத்திரியில கிடக்கிறார், கட்டிலுக்குப் பக்கத்தில காவல். தோட்டாவைப் பிரிச்சு மருந்து கூட்டி அடைச்சனியோ, ஆருக்குக் குண்டு செய்து பழகினனீ எண்டு கேக்கினமாம். அந்த மனிசனுக்கு மருந்தெண்டால் இருமல் பாணி மட்டும்தான் தெரியும். காயம் ஆறினால் ஆளைக் கொண்டு போயிடுவினமாம். எங்கை எண்டு சொல்லினமில்லை."

அந்த வருடங்களில் அப்படிக் கொண்டுபோனவர்களில் எல்லோரும் திரும்பி வரவில்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"இந்த நேரத்தில இதை ஏன் கொண்டு வந்தனீங்கள்?" என்று கோதைக் காட்டிக் கேட்டேன்.

"நீங்கள்தானே கோதைத் தரோணும் எண்டு சொல்லி விட்டனீங்கள்? அவர் ஆஸ்பத்திரியில கிடந்துகொண்டும் அதைத்தான் சொன்னவர். நாங்கள் ஒழுங்காத் தந்தால், அவர் ஒழுங்கான ஆள் எண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லுவியள் எண்டு."

கோதைக் கையில் எடுத்தேன். ஒழுங்காகச் சுட்ட கோதின் வாய் வட்டமாக விரிந்திருக்கும். இந்த இரண்டினதும் வாய் நாய் கடித்த மாதிரிப் பிய்ந்து கிடந்தது. அடிமட்டத்தை எடுத்து அளந்தேன். இரண்டே முக்கால். பின்னறைக்கு ஓடி அலுமாரியைக் கிண்டி வேலாயுதத்தின் அட்டையைத் தேடி எடுத்தேன். மூலையில் சிவப்பாக இரண்டரை.

ஐயோ கடவுளே என்று அந்த அறைக்குள் வாய்விட்டுச் சொன்னேன். கேட்க ஒருவரும் இல்லை.

பாக்கியத்திடம் ஒன்றையும் சொல்லாமல் அனுப்பிவிட்டு, அட்டையையும் கோதுகளையும் மேசையில் வைத்தேன். வெற்றுக் கோதுகள் போடுகிற மரப்பெட்டி என் காலடியில் இருந்தது. அதற்குள் இந்த இரண்டையும் போட்டால் நூற்றோடு நூற்றிரண்டு. அட்டை பழையபடி அலுமாரிக்குள் போகும். நான் என்ன செய்தேன் என்று உலகத்தில் ஒருவருக்கும் தெரிய வராது. சொன்னால் என்னையும் விசாரிப்பார்கள். பிழையான தோட்டா கொடுத்தவளா, தெரிந்துதான் கொடுத்தவளா என்று கேட்பார்கள். எனக்காக ஆஸ்பத்திரிக்கும் கந்தோருக்கும் அலைய ஒரு பாக்கியம் இல்லை. அன்று அதை நினைத்துத்தான் கூடுதலாகப் பயந்தேன்.

அன்று பின்னேரமும் மறுநாள் காலையும் இருந்து கடிதத்தை எழுதினேன். எந்தத் தோட்டா, எந்தத் துவக்கு, அறையின் நீளம், கோதின் நீளம், எல்லாம். விசாரணைக்காரரிடம் இருக்கிற மீதி இரண்டு தோட்டாக்களைப் பிரித்துப் பார்த்தால் யாரும் கை வைக்கவில்லை என்று தெரியும் என்றும் எழுதினேன். கொழும்பிலிருந்து திரும்பியிருந்த அருளப்பு சேரிடம் கொண்டுபோனேன். அவர் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினார். சத்தமாக வாசித்தார். பக்கத்து மேசைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. நான் செய்த பிழையை என் காதாலேயே, எல்லோருக்கும் முன்னால் கேட்டுக்கொண்டு நின்றேன்.

வாசித்து முடித்துவிட்டு, "எதுக்கு?" என்றார்.

"அவரை விடுறதுக்கு."

"உங்கட வேலை போகலாம்."

"ஓம் சேர்."

சிவப்புப் பென்சிலை எடுத்தார். நான், 'அவருடைய பயிர் அழிவதைக் கண்டு இரக்கப்பட்டுப் பெரிய சன்னம் கொடுத்தேன்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதன் மேல் கோடு கிழித்தார். "இரக்கம் காரணமில்லை மிஸ் புவனம். நீங்கள் அட்டையைப் பாக்கேல்லை. அதுதான் காரணம்" என்றார். திருப்பித் தட்டச்சு செய்து கொண்டுவந்தபோது கையெழுத்து வைத்தார். அவர் மேல் எனக்கு இருந்த கோபம் ஆற வருடங்கள் எடுத்தது. அவர் சொன்னது சரி என்பதால்தான் அவ்வளவு கோபம்.

என்னை இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். சம்பள உயர்வை நிறுத்தினார்கள். துவக்கு விடயத்தை மட்டும் என்னிடமிருந்து எடுக்கவில்லை; அதை வாங்க ஆளில்லை. மூன்று கிழமையில் வேலாயுதத்தைக் காரணம் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். கந்தோரில் ஒன்றாக இருந்து சாப்பிட்ட பெண்கள் மெல்ல மெல்ல வேறு மேசைக்குப் போனார்கள். பயம்தான், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்த வருடம் அருளப்பு சேரும் ஓய்வு பெற்று மட்டக்களப்புக்குப் போய்விட்டார். தம்பலகாமத்துக்கு நேரில் போய் வேலாயுதத்திடம் சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு சனிக்கிழமையும் நினைப்பேன். ஒரு சனி பாதை மூடியிருக்கும். மற்றச் சனி பாதை திறந்திருக்கும், நான் போகமாட்டேன்.

கடைசியில் அவர்தான் வந்தார். துவக்கு இல்லாதபடியால் அனுமதிப் பத்திரத்தை ஒப்படைக்க வந்திருந்தார். இடக் கையைத் தோளில் போட்ட துவாய்க்குள் வைத்திருந்தார். படிவத்தை நிரப்பினேன். அவருக்குக் கையெழுத்து வைக்கத் தெரியாது. அப்படியான ஆண்களிடம் இடது பெருவிரல் அடையாளம் எடுப்பது ஒழுங்கு. கை பழகின பழக்கத்தில் மைப் பெட்டியைத் திறந்து அவர் பக்கம் தள்ளினேன். அவரும் பழக்கத்தில் துவாய்க்குள்ளிருந்து இடக் கையை எடுத்து மேசையில் வைத்தார். பெருவிரல் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

அவர்தான் முதலில் சிரித்தார். "அது வயலுக்கை எங்கையோ கிடக்கு மிஸ்."

வலது பெருவிரலை எடுத்தால், ஏன் இடது இல்லை என்று அலுவலர் காரணம் எழுதி ஒப்பமிடவேண்டும். எழுதினேன்.

"என்ன எழுதினனீங்கள்? வாசியுங்கோவன்" என்றார்.

"இந்தக் கந்தோரில் கொடுத்த பிழையான தோட்டாவால் துவக்கு வெடித்து இழந்தது."

"பிழையான தோட்டாவோ?" அவருக்கு விளங்கவில்லை. "ஆர் குடுத்தது?"

"நான்தான். உங்கட துவக்குக்கு அது நீளம் கூட. அட்டையைப் பாத்திருந்தால் தெரிஞ்சிருக்கும். நான் பாக்கேல்லை."

கோபிப்பார் என்று காத்திருந்தேன். கோபித்திருக்கலாம்.

"முதல் வெடியிலயே தோள் பிஞ்சு போற மாதிரி உதைச்சது மிஸ். ரெண்டாவதில தோள் கண்டி நீலமாப் போச்சு. இனிச் சுட வேண்டாம், இதில என்னவோ பிழை இருக்கு எண்டு பாக்கியம் அழுதவள். சும்மா இரடி, மிஸ் பாத்துத் தந்தது பிழைக்காது எண்டு நான்தான் அவளைப் பேசிப்போட்டு மூண்டாவதைப் போட்டனான்." வலது பெருவிரலை மையில் தோய்த்துத் தாளில் அழுத்தி எடுத்தார். "இப்ப அவளுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

விரலைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு எழும்பிப் போனார். மை காயும் மட்டும் படிவத்தை மூடாமல் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அதற்குப் பிறகு ஒருவரும் வரவில்லை.